இரண்டு விரல் இடைவெளி

காலையில் ஏறிப் பார்த்தால் தண்ணீரைக் காணோம்.

முந்தின நாள் சாயங்காலம் நானும் எல்லம்மாவும் பாலத்தின் மேல் பாத்தி கட்டி, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம். பாலத்தின் மேல் பாத்தியா என்று கேட்பீர்கள். புதிதாகப் போட்ட கான்கிரீட் பச்சைப் பிள்ளை மாதிரி. மூன்று வாரம் அது காயாமல் இருக்க வேண்டும். அதற்காகத் தளத்தின் மேல் களிமண்ணால் சின்னச் சின்ன வரப்பு போட்டு, நெல் வயலுக்குக் கட்டுவதுபோல் தண்ணீரைக் கட்டி வைப்போம். அதற்குக் ‘கியூரிங்’ என்று பெயர். எங்கள் கூட்டத்தில் ஆறு பெண்கள். நான்தான் மூத்தவள்.

அந்த வயல் ஆற்றுக்கு மேலே முப்பது அடி உயரத்தில் இருந்தது. தட்டான்கள் வந்து சுற்றும். ஒரு கொக்கு தினமும் வந்து ஒற்றைக் காலில் நின்று பார்த்துவிட்டு, மீன் இல்லை என்று ஏமாந்து போகும். கீழே தென்பெண்ணை. தை மாதக் குளிரில், அந்த உயரத்தில், தண்ணீருக்குள் வானம் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றால் வேலைக்கு வந்ததே மறந்துபோகும்.

அன்றைக்குத் தண்ணீரும் இல்லை, வானமும் இல்லை. வரப்பு மட்டும் ஈரமாகக் கிடந்தது.

ஈரம் போன வழியே போனேன். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள பாகத்தைக் கண் என்போம். ஒரு கண் முடிந்து அடுத்த கண் தொடங்கும் இடத்தில், பாலத்தின் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரைக்கும் ஓர் இடைவெளி. சரியாக இரண்டு விரல் அகலம். கான்கிரீட் போடும்போது அங்கே வெள்ளைத் தெர்மாகோல் அட்டை வைத்திருந்தார்கள். அதை யாரோ பிடுங்கி எடுத்திருந்தார்கள். என் தண்ணீர் முழுக்க அந்தச் சந்து வழியாக இறங்கிப் போயிருந்தது.

எல்லம்மா பேரிகை என்ற ஊர்ப் பெண். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ். குனிந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

“அய்யோ தேவுடா! இன்னாக்கா இது, பாலம் ரெண்டா வெடிச்சிகினு போச்சு!”

“வெடிக்கலடி. வெடிச்சா கோணலா போவும். இது நேரா போவுது பாரு. பலக அடிச்சவனுங்க ஒழுங்கா சேக்காம உட்டுட்டுப் போயிருக்கானுங்க.”

“மேஸ்திரிகிட்ட சொல்லலாமா?”

“மேஸ்திரி பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டாரு. அவரு ஆளுங்க வேல லட்சணம் இது. நாம அடைப்போம்.”

அப்படித்தான் அது ஆரம்பித்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரைக்கும் நாலு வழிச் சாலை போட்ட காலம் அது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் இருக்கும். சரியாகச் சொல்லத் தெரியாது. எல்லோர் கையிலும் செல்போன் வந்துகொண்டிருந்தது, என் கைக்கு வரவில்லை. அதுதான் எனக்குத் தெரிந்த அடையாளம்.

நான் பார்த்த பாலங்கள்

ஏன் எனக்கு அவ்வளவு தைரியம் என்று சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வயசான பிறகுதான் முழுக்க எழுதப் படித்தேன், அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகிறது. புள்ளி விட்ட இடங்களில், இதை எழுதச் சொன்ன பத்திரிகைக்காரத் தம்பி வைத்துக்கொள்வார்.

நான் வேப்பனப்பள்ளிப் பக்கம் பிறந்து, இந்த ஆற்றங்கரைக்கு வாக்கப்பட்டு வந்தவள். எனக்குத் தெரிந்து இந்த ஒரு இடத்தில் மட்டும் ஆற்றைத் தாண்ட நாலு பாலம். நாலும் நாலு விதம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். அடியில் நின்று வேலை செய்தவளுக்கு அப்படி இல்லை.

முதலாவது தரைப்பாலம். ஆற்று மணலோடு ஒட்டிக் கிடக்கும். அடியில் வரிசையாகக் குழாய். பெங்களூர் பக்கம் மழை பெய்தால் இங்கே தண்ணீர் வரும். குழாய்க்குள் போகிற மட்டும் போகும், மீதி பாலத்தின் மேலேயே ஏறிப் போகும். ஓரத்தில் ஒரு கல் நட்டு, அதில் கறுப்பும் வெள்ளையுமாக எண் போட்டிருப்பார்கள். மூன்று எண் மறைந்துவிட்டால் யாரும் இறங்கக் கூடாது. நான் பள்ளிக்கூடம் போகாதவள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் படித்தது அந்தக் கல்லில்தான்.

அந்தப் பாலத்தை எல்லோரும் மட்டமாகப் பேசுவார்கள். எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. வெள்ளம் வந்தால் எதிர்த்து நிற்காது. தலையைக் குனிந்து படுத்துக்கொள்ளும். வெள்ளம் வடிந்ததும் சேற்றோடு எழுந்து அப்படியே இருக்கும்.

கம்பி இல்லாத பாலம்

இரண்டாவது, வெள்ளைக்காரன் காலத்துக் கல் பாலம். ஐந்து வளைவு. சிமெண்டு இல்லை, கம்பி இல்லை. சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் கட்டியது என்பார்கள். ஒரு மழைக்காலத்தில் அதன் கல் இடுக்கில் முளைத்த அரசஞ்செடிகளைப் பிடுங்க எங்களை அனுப்பினார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வளைவுக்கு நேர் அடியில் நின்று மேலே பார்த்தேன்.

தலைக்கு மேல் அத்தனை கல். ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்கல் கனம். ஒன்றையும் எதுவும் தாங்கவில்லை. எனக்கு முதுகு சிலிர்த்தது. ஏன் விழவில்லை?

வெகு நாள் யோசித்தேன். ஓசூருக்கு ஆள் ஏற்றிப் போகும் காலை ஷிப்டு பஸ்ஸில் ஏறிய அன்றுதான் விளங்கியது. நெருக்கிக்கொண்டு நிற்கிறோம், பிடிக்கக் கம்பி எட்டவில்லை, பஸ் வளைவில் திரும்புகிறது. யாரும் விழவில்லை. விழ இடம் இல்லை. அந்தக் கல்லும் அப்படித்தான். எல்லாக் கல்லும் விழத்தான் பார்க்கிறது. பக்கத்துக் கல் விடுவதில்லை.

அந்தப் பாலத்துத் தூண்களுக்கு மூக்கு உண்டு. தண்ணீர் வருகிற பக்கம் மட்டும் கூராகச் செதுக்கியிருப்பார்கள். வெள்ளம் அதில் பட்டு, தலைமுடிக்கு வகிடு எடுத்தாற்போல் இரண்டாகப் பிரிந்து போகும். கைப்பிடிச் சுவரில் நடுநடுவே ஓர் ஆள் ஒதுங்கி நிற்கிற மாதிரி சின்ன வளைவு விட்டிருப்பார்கள். வண்டி வந்தால் நடந்து போகிறவர்கள் ஒதுங்குவதற்கு. கட்டினவன் நடந்து போகிறவளையும் நினைத்திருக்கிறான். அதை நான் மறக்க மாட்டேன்.

கிணறு இறக்கிய கதை

மூன்றாவது பாலத்தில் நான் மண் சுமந்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்.

ஆற்று மணலில் தூண் நிற்க வேண்டுமானால் அடியில் பாறை வரைக்கும் போக வேண்டும். எப்படிப் போவது? மணலைத் தோண்டினால் பக்கத்து மணல் சரிந்து விழும். அதற்கு ஒரு வித்தை. மணலின் மேல் பெரிய வட்டமாகக் கிணற்றுச் சுவரைக் கட்டிவிடுவார்கள். உள்ளே ஆள் இறங்கி மணலைத் தோண்டத் தோண்ட, சுவர் தன் கனத்தாலேயே கீழே இறங்கும். மேலே கட்டிக்கொண்டே போவார்கள், கீழே தோண்டிக்கொண்டே போவார்கள். நாங்கள் பெண்கள் வரிசையாக நின்று கூடை மாற்றுவோம்.

ஒரு நாள் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முழுக் கிணறும் ஒரு சாண் இறங்கியது. சத்தம் கிடையாது. என் கண்ணுக்கு நேராக இருந்த சுவர் என் கழுத்துக்கு வந்த மாதிரி இருந்தது. நாங்கள் கூடையோடு நின்றுவிட்டோம். ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள்.

இத்தனையும் பார்த்தவள் நான். தண்ணீருக்கு எப்படிக் குனிய வேண்டும், எப்படிப் பிளக்க வேண்டும், எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று மூன்று பாலமும் எனக்குச் சொல்லியிருந்தது. அதனால் நாலாவது பாலத்தைப் பற்றியும் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதுவரைக்கும் என் வேலை எல்லாம் பாலத்துக்குக் கீழேதான். மேல் தளத்தில் ஏறியது அந்தத் தடவைதான். அதை நான் யோசிக்கவில்லை.

பூச்சு

அடைத்ததைச் சொல்கிறேன்.

பாலத்துக்கு நாலு கண். அதனால் ஆற்றுக்கு மேலே மூன்று சந்து. முதலில் சாக்கை முறுக்கி உள்ளே திணித்தோம். கலவை கீழே ஒழுகாமல் இருக்க அது. அதற்கு மேல் சிமெண்டு தாராளமாகப் போட்டுக் கலந்த கலவை. குச்சியால் இடித்து இடித்து நிறைத்தோம். கடைசியில் நான் உள்ளங்கையால் தேய்த்து மழமழவென்று விட்டேன். என் பழக்கம், முடித்த இடத்தில் மூன்று விரலால் ஒரு இழுப்பு இழுப்பேன். வீடு பூசினாலும் அப்படித்தான்.

வீட்டு வேலையில் சுவரில் சந்து விட்டவளை யாராவது மறுபடி கூப்பிடுவார்களா? நான் கை வைத்த வீட்டில் பல்லிகூட நுழைய இடம் இருக்காது.

மறுநாள் பாத்தியில் தண்ணீர் நின்றது. கொக்கு வந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

மேஸ்திரி மாரிசாமி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். நாற்பது வயசு இருக்கும். எனக்கும் அவருக்கும் எப்போதும் வாய்ச்சண்டை. நான் எதையாவது சொன்னால், “யக்கா, ஒங்க வேல தண்ணி ஊத்துறது. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்” என்பார். அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாக இருந்தது. அவர் ஊரிலிருந்து வந்ததும், ‘உங்க ஆளுங்க விட்டதை நான் அடைச்சேன்’ என்று சொல்லிக்காட்டக் காத்திருந்தேன்.

அவர் வந்தார். வந்த வேகத்தில் எங்கள் ஆறு பேரையும் அடுத்த பாலத்துக்கு மாற்றினார். சொல்ல வாய்ப்பே இல்லை. அவரும் இந்தப் பாலத்தின் மேல் ஏறிப் பார்க்கவில்லை. சந்து சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து ஒரு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காமலே போட்டுவிட்டார். அது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

பங்குனி வெயில்

பங்குனி பிறந்தது. வெயில் ஏறியது. தார் போட ஐந்து நாள் இருக்கும்போது எங்களை மறுபடி அந்தப் பாலத்தைக் கூட்டிச் சுத்தம் செய்ய அனுப்பினார்கள்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மேனேஜர் கத்துகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் நடுச் சந்துக்குப் பக்கத்தில் கூட்டம். என் பூச்சு அப்படியே இருந்தது. ஆனால் அதை ஒட்டிப் பாலத்தின் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் கான்கிரீட் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தது. பல் உடைந்த வாய் மாதிரி.

இன்ஜினியர் கயல்விழி மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. மஞ்சள் ஹெல்மெட் அவள் தலைக்குப் பெரிது.

மேனேஜர் அந்த நோட்டை மாரிசாமியின் முகத்துக்கு நேரே நீட்டினார். “சுத்தமா இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்க. இது என்ன?”

மாரிசாமி நோட்டில் தன் கையெழுத்தைப் பார்த்தார். “பாக்காமப் போட்டுட்டேன், சார். தப்புதான்.”

“அப்ப கெளம்பு. உன்னை எந்த சைட்லயும் சேத்துக்க வேணாம்னு சொல்லிடுறேன்.”

மாரிசாமி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் அந்த மாதம்தான் குடும்பத்தை ஓசூருக்கு அழைத்து வந்திருந்தார். அவர் வீட்டம்மா கம்பெனி வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆகவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். எங்களுக்கு மிட்டாய்கூடக் கொடுத்தார்.

எல்லம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். “அக்கா, வாயத் தொறக்காத. நம்ம ஆறு பேரையும் தொரத்திடுவாங்க.”

நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பயந்துபோய் நின்றேன். ஐந்து பெண்கள் என்னை நம்பி வந்தவர்கள்.

அப்போது மேனேஜர் காலால் என் பூச்சைத் தட்டினார். “எவனோ வேலை தெரியாதவன் பூசித் தொலைச்சிருக்கான்.”

மாரிசாமி குனிந்து பார்த்தார். வேலை போகிற நேரத்திலும் அந்த மனுஷர் சும்மா இல்லை. “இல்ல சார். வேல தெரியாதவன் பூசுனது இல்ல. என் ஆளுக ஒருத்தனுக்கும் இந்தக் கை கெடையாது.”

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவருக்காகப் பேசினேனா, என் பூச்சுக்காகப் பேசினேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“நான் பூசுனது சார். வேல தெரிஞ்சுதான் பூசுனேன். தண்ணி ஒழுகுச்சு, அடைச்சேன். பாருங்க, மூணு வெரல் இழுப்பு இருக்குது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாரிசாமி என் பக்கம் திரும்பினார். “யக்கா, நீங்களா?”

“நீங்க ஊர்ல பொங்கல் தின்னுகினு இருந்தீங்க. யார்கிட்ட கேக்கறது?”

கயல்விழி எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள். “சார், அவங்க வேணும்னு பண்ணலை. இந்த இடைவெளி எதுக்குன்னு நாம யாரும் அவங்களுக்குச் சொல்லலை. நானும் சொல்லலை.”

மேனேஜர் மூன்று சந்தையும் நடந்து பார்த்துவிட்டு வந்தார். பிறகு சொன்னார்: “அஞ்சாம் நாள் காலைல தார் லாரி வருது. அதுக்குள்ள மூணு சந்தும் சுத்தமா இருக்கணும். மெஷின் வெச்சா ஓரம் போயிடும், கையாலதான் எடுக்கணும். இன்னொரு சில்லு பேரக் கூடாது. எடுத்தா எல்லாரும் இருங்க. இல்லன்னா இவரும் நீங்க ஆறு பேரும் சேந்து பஸ் ஏறுங்க.”

நாலு நாள்

சின்ன உளி, சின்னச் சுத்தி. ஒரு பக்கம் மாரிசாமியின் ஆட்கள், ஒரு பக்கம் நாங்கள். நடுவில் கொத்தி, ஓரத்தைத் தொடாமல் சுரண்டி, ஊதி ஊதி எடுத்தோம். கண்ணெல்லாம் சிமெண்டுத் தூள்.

சொன்னால் சிரிப்பீர்கள். நான் பூசியது பெயரவில்லை. உளி மழுங்குகிறதே தவிர அது அசையவில்லை. மாரிசாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “யக்கா, கொஞ்சம் மோசமா வேல பாக்கத் தெரியாதா ஒங்களுக்கு?” என்றார்.

“எங்க வம்சத்துலயே வராது தம்பி.”

முதல் சந்து ஒன்றரை நாள். மூன்றாவது சந்து ஒரு நாள். நாலாம் நாள் மத்தியானம் நடுச் சந்திலும் மற்றதெல்லாம் போய், ஒரு முழம் நீளத் துண்டு மட்டும் மிச்சம். என் மூன்று விரல் இழுப்பு அதன் மேல்தான் இருந்தது.

அந்தத் துண்டு வரவே இல்லை. சுற்றிலும் கொத்திவிட்டோம், அடியில் சாக்கை உருவிவிட்டோம், ஒன்றும் அதைப் பிடித்துக்கொண்டு இல்லை. ஆனாலும் இடுக்கியில் மாட்டிய மாதிரி நின்றது. மாரிசாமி பெரிய சுத்தியை எடுத்தார்.

“அடிக்காதீங்க!” என்று கயல்விழி ஓடி வந்தாள். வெயிலில் கொதித்த தளத்தைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். “இப்ப பாலம் நீண்டிருக்கு. மொத்தப் பாலமும் இந்தத் துண்டை நெரிக்குது. அடிச்சா ஓரம்தான் போகும். விடிகாலைல வாங்க, எடுத்துக்கலாம்.”

“பாலம் எங்க கண்ணு நீளும்? சுரைக்கொடியா அது?” என்றேன்.

“நீங்க ஊத்துன தண்ணிக்கு வளந்துட்டு போல” என்றார் மாரிசாமி.

அவள் சிரிக்கவில்லை. “சூடானா நீளும்மா, குளிர்ந்தா சுருங்கும். தினம். அதுக்குத்தான் அந்த இடைவெளி. அடியில தூண் மேல ரப்பர் மெத்தை பார்த்தீங்களே, அதுவும் அதுக்குத்தான். பாலத்தைத் தூணோட ஒட்டலை. உக்கார வெச்சிருக்கோம், நகரட்டும்னு.”

லாரி குலுங்கினால் வலிக்காமல் இருக்க ரப்பர் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இத்தனை கனத்தை வெயில் நகர்த்துமா? காலையில் அந்தத் துண்டு வரவில்லை என்றால் தார் லாரி வந்துவிடும். எங்கள் ஏழு பேர் பிழைப்பும் ஒரு பெண்ணின் பேச்சில் தொங்கியது.

வெளிச்சம்

விடிவதற்கு முன்னால் போனோம். ஓசூர்க் குளிர் பங்குனியிலும் விடியலில் விடாது. ஆற்றின் மேல் பனி. பக்கத்துப் பழைய பாலத்தில் விளக்கு போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போயின. பூ மூட்டை ஏற்றிய வண்டி போனபோது ரோஜா வாசனை எங்கள் வரைக்கும் வந்தது.

மாரிசாமி சாரம் வழியாக இறங்கித் தூணின் தலையில் நின்றுகொண்டார். துண்டு விழுந்தால் ரப்பர் மேல் விழாமல் பிடிக்க. நான் மேலே உட்கார்ந்து தளத்தைத் தொட்டேன். மண்பானை மாதிரிச் சில்லென்று இருந்தது.

“சுத்தி வேணாம். கையால அசைச்சுப் பாருங்க” என்றாள் கயல்விழி.

இரண்டு கையின் விரல்களையும் துண்டின் முனையில் கொடுத்து இழுத்தேன். அசைந்தது.

நேற்று மத்தியானம் நாலு ஆம்பிளைகளுக்கு அசையாதது. ஆடும் பல் மாதிரி, இந்தப் பக்கம் ஒரு அசைப்பு, அந்தப் பக்கம் ஒரு அசைப்பு. பிறகு என் கையை விட்டு நழுவிக் கீழே போயிற்று. மாரிசாமி சாக்கை விரித்துப் பிடித்த சத்தம் ‘தொப்’பென்று கேட்டது.

சந்துப் பக்கம் குனிந்து கூப்பிட்டேன்.

“என்ன மேஸ்திரி? அடிபட்டுச்சா?”

“யக்கா” என்று அடியிலிருந்து குரல் வந்தது. “எறங்கி வாங்க. இங்கேருந்து பாருங்க.”

அந்த வயசில் சாரத்தில் இறங்கினேன். எல்லம்மா மேலிருந்து திட்டிக்கொண்டே இருந்தாள். தூண் தலையில் அவர் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

தலைக்கு மேல் இருட்டு. இந்தப் பக்கம் ஒரு கண்ணின் கனம், அந்தப் பக்கம் ஒரு கண்ணின் கனம். இரண்டுக்கும் நடுவில், இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரைக்கும், ஒரே கோடாக விடியல். இரண்டு விரல் வானம்.

கல் பாலத்துக்கு அடியில் நின்றபோது சிலிர்த்த அதே முதுகு அன்றைக்கும் சிலிர்த்தது. பாலம் கட்டுகிறவன் தண்ணீருக்கு மட்டும்தான் கணக்குப் பார்ப்பான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இவர்கள் சூரியனுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். நான் போய் அதைச் சாக்கு வைத்து அடைத்திருக்கிறேன். கிணறு இறங்கியபோது ஒருத்தி கும்பிட்டாள் என்றேனே, அன்றைக்கு நான் கும்பிடவில்லை, அவளைப் பார்த்துச் சிரித்தேன். இந்தத் தடவை என் கை தானாக மேலே போயிற்று.

மாரிசாமியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இருபது வருசமா சந்து வுட்டுருக்கேன், யக்கா. கீழ நின்னு பாத்ததே இல்ல” என்றார்.

அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். இன்றைக்கும் என் வீட்டு வாசற்கதவுக்கு அதுதான் முட்டு. மூன்று விரல் இழுப்பு அழியவில்லை.

நாலெழுத்து

வெயில் ஏறும்போது தார் லாரி வந்து பின்னால் நின்றது. தார் வாசனையும் புகையும். கயல்விழி மூன்று சந்திலும் விளக்கு அடித்துப் பார்த்தாள். மேனேஜர் வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார், “ம்” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. எங்களுக்கு அது போதும். எல்லம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

கயல்விழி அந்த நோட்டை மாரிசாமியிடம் நீட்டினாள். அவர் பேனாவை வாங்கினார். எழுதப் போனவர் நின்றார். நோட்டை என் பக்கம் திருப்பினார்.

“அடியில வந்து நீங்களும்தான் பாத்தீங்க. முதல்ல நீங்க போடுங்க. அதுக்குக் கீழ நான் போடுதேன்.”

நான் இங்க் டப்பாவைத் தேடினேன். கைநாட்டுத்தானே எங்கள் வழக்கம்.

“ஒங்களுக்கு எழுதத் தெரியும்னு எல்லம்மா சொல்லுச்சே” என்றார்.

தெரியும் என்றால் தெரியும். எழுத்தறிவு வகுப்பில் பெயர் மட்டும் எழுதப் படித்திருந்தேன். நாலெழுத்துப் பெயர், முதலும் கடைசியும் ஒரே எழுத்து. சிலேட்டில் எழுதியிருக்கிறேன். பேனா பிடித்து, இத்தனை பேர் பார்க்க, எழுதியதில்லை.

நோட்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்துக்கொண்டேன். ‘மா’ போட்டேன். கால் கொஞ்சம் நீண்டுவிட்டது. ‘த’ போட்டேன். சுழியை மறுபடி தடவினேன். ‘ம்’ போட்டுப் புள்ளி வைத்தேன். புள்ளியை அழுத்தி வைத்தேன்.

பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். தலையை வெளியே நீட்டி, “பேக மாடி அம்மா, டாரு தண்ணகாகுத்தே!” என்று கன்னடத்தில் கத்தினார். சீக்கிரம் ஆகட்டுமாம், தார் ஆறிப்போகிறதாம்.

மாரிசாமி திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டினார்.

“பொறுங்கய்யா. அக்கா பேர்ல இன்னும் ஒரு எழுத்து பாக்கி இருக்கு.”